கணக்கைக் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜன்... பெரிய கோயில் சுவரில் ஓர் 'ஆண்டறிக்கை'!

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போனா நாம என்ன பண்ணுவோம்? நந்தி முன்னாடி ஒரு செல்ஃபி. விமானம் முழுசா ஃபிரேமுக்குள்ள வரணும்னு தரையில உட்கார்ந்து ஒரு கிளிக். நிழல் இருக்கிற பக்கமா கொஞ்ச நேரம் அரட்டை. அந்த விமானத்தோட அடிப்பகுதியில வரிவரியா ஓடுற எழுத்துகளை மட்டும் யாரும் பெருசா கண்டுக்கிறதில்லை.

அதுல மந்திரம் இருக்கும்னு நினைக்கிறவங்க உண்டு. போர்க்கதை இருக்கும்னு நினைக்கிறவங்களும் உண்டு. உண்மையில் அதில் பெரும்பகுதி கணக்கு. யார் என்ன கொடுத்தார், அதன் எடை எவ்வளவு, எந்த ஊருக்கு எவ்வளவு கடன், வட்டி என்ன, யாருக்கு எவ்வளவு சம்பளம், அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது... இவ்வளவும் கருங்கல்லில்.

இன்றைக்கு ஒரு கம்பெனியில பத்து ஷேர் வாங்கினாலும் வருஷத்துக்கு ஒரு ஆண்டறிக்கை மெயிலில் வந்துடும். ஊரார் பணத்தை வைத்து முடிவெடுக்கிறவர், எடுத்த முடிவுக்கும் செலவழித்த பணத்துக்கும் கணக்கு காட்ட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. 'கார்ப்பரேட் கவர்னன்ஸ்'னு பெரிய பேர் வைத்திருக்கிறோம். ராஜராஜ சோழனைப் போர்வீரனாக, கோயில் கட்டியவராக, 'பொன்னியின் செல்வன்' அருள்மொழியாக நமக்கு நல்லா தெரியும். கணக்கு காட்டிய நிர்வாகியாக அவர் வாழ்க்கையைப் படித்தால் வேற ஒரு மனிதர் தெரிகிறார்.

15 வருஷக் காத்திருப்பு

ஐப்பசி மாதம் சதய நட்சத்திரத்தில் பிறந்தவர் அருள்மொழி. அப்பா சுந்தர சோழர், அம்மா வானவன் மாதேவி, அக்கா குந்தவை. பட்டத்துக்கு வரவேண்டியவர் அண்ணன் ஆதித்த கரிகாலன். அவர் கொலை செய்யப்பட்டார். கொஞ்ச காலத்தில் அப்பாவும் இறந்துபோக, அரியணை தனக்கு நேராக வராமல் உத்தம சோழருக்குப் போனது. ஏறக்குறைய 15 வருஷம் காத்திருந்து, 985-ல்தான் ராஜராஜன் ஆட்சிக்கு வந்தார்.

வந்த வேகத்தில் அவர் தொட்ட விஷயங்களில் ஒன்று அண்ணன் கொலை. காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடி கோயில் கல்வெட்டில் அதற்குச் சான்று இருக்கிறது. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு. கொலையில் தொடர்புடைய ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் ஆகியோர், அவர்களின் உறவினர்களுடைய சொத்துகளைப் பறிமுதல் செய்வது பற்றி, அந்த ஊர்ச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணை அது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பெயருக்குப் பின்னால் பிரமாதிராஜன் என்ற அரசுப் பட்டம் இருக்கிறது. அதாவது, உள்ளே இருந்தவர்கள்.

கவனிக்க வேண்டியது அவர் பழிவாங்கிய விதம். ராத்திரியோடு ராத்திரியாக ஆள் அனுப்பி வேலையை முடித்திருக்கலாம். கேட்க யாரும் இல்லை. ஆனால், சபைக்கு எழுத்தில் ஆணை போகிறது, காரணம் சொல்லப்படுகிறது, பெயர்கள் பட்டியலாகின்றன, நிலம் முறைப்படி கைமாறுகிறது. குற்றவாளியின் சொந்தக்காரர்களையும் சேர்த்துத் தண்டித்தது இன்றைய கண்ணுக்கு நியாயமாகப் படவில்லைதான். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆனாலும், அரசனின் கோபம்கூட ஒரு ஃபைலாக மாறிய இடம் அது.

கணக்கு காட்டாதவருக்குத் தேர்தலில் இடமில்லை

இந்தப் பழக்கம் ராஜராஜனுக்கு வானத்திலிருந்து குதித்து வரவில்லை. அவருடைய கொள்ளுத்தாத்தா முதலாம் பராந்தகன் காலத்திலேயே, 919, 921 ஆண்டுகளில், உத்திரமேரூர் சபை தன் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டது. வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். சொந்த நிலமும் சொந்த வீடும் வேண்டும். கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் போட்டியிலேயே கிடையாது.

குடும்பத்துக்குள்ளேயே சேர் மாறி மாறிப் போகிற இன்றைய கம்பெனிகள் சிலவற்றுக்கு இந்தக் கடைசி விதியை ஃபார்வர்டு பண்ணலாம்.

ராஜராஜன் செய்தது, ஊர் அளவில் இருந்த இந்த ஒழுங்கை ராஜ்ஜிய அளவுக்குக் கொண்டுபோனது. சுமார் 1001-ல் சோழ நாடு முழுக்க நிலத்தை அளக்கச் சொன்னார். அந்த வேலையை நடத்திய அதிகாரிக்கு 'உலகளந்தான்' என்றே பட்டம். இங்கிலாந்தில் மன்னர் வில்லியம் நாட்டின் சொத்துகளைக் கணக்கெடுத்த புகழ்பெற்ற 'டூம்ஸ்டே' புத்தகம் 1086-ல்தான் வருகிறது. டெல்டாவில் நிலம் என்றால் சும்மா இல்லை. வாய்க்கால் தலைப்பில் இருக்கிற வயலும் கடைமடையில் இருக்கிற வயலும் ஒரே விளைச்சல் தராது. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சேரி, சுடுகாடு ஆகியவற்றுக்கு வரி கிடையாது. அதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி. அந்தக் கழித்தலில் அவர்கள் போன ஆழம் மிரட்டுகிறது. ஒரு வேலி நிலத்தை 5,242 கோடிக்கும் மேற்பட்ட துண்டுகளாக்கினால் வரும் ஒரு துண்டு வரைக்கும் பின்னம் போட்டிருக்கிறார்கள்! வயலில் அப்படி ஒரு துண்டை யாரும் பார்க்க முடியாது. கணக்குப் பிள்ளையின் ஓலையில்தான் அது இருக்கும்.

அளந்ததும் வசூல் வந்துதானே ஆகணும்? உக்கல் கல்வெட்டில் இருக்கும் ராஜராஜனின் இன்னோர் ஆணை, இரண்டு முழு வருஷம் வரி கட்டாதவர்களின் நிலத்தை ஊராரே விற்றுவிடலாம் என்கிறது. அளவு துல்லியமாக ஆக ஆக, தப்பிக்கும் வழியும் சின்னதாகிக்கொண்டே போனது. விளைச்சல் பொய்த்த வருஷத்தில் ஒரு சிறு விவசாயிக்கு இது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

குளியல் மண்டபத்தில் போட்ட உத்தரவு

இப்போது கோயிலுக்கு வருவோம். டெல்டா முழுக்க வண்டல் மண். தோண்டினால் கல் கிடைக்காது. கருங்கல் எல்லாம் வெளியிலிருந்து வந்து, 200 அடிக்கும் மேலே விமானமாக எழுந்தது. 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள், 1010-ல், உச்சியில் வைக்கும் பொன் தகடு போர்த்திய செப்புக் கலசத்தை ராஜராஜன் கொடுத்தார். செம்பு 3,083 பலம், பொன் 2,926½ கழஞ்சு. அந்த அரையையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து வந்த 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாள். தஞ்சை அரண்மனையின் திருமஞ்சன சாலையில், அதாவது குளியல் மண்டபத்தில், இருந்தபோது அவர் ஒரு உத்தரவு போட்டார். இந்தக் கோயிலுக்குத் தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் விமானத்திலேயே கல்லில் வெட்டுங்கள் என்பது சாரம். பட்டியலில் மனைவியருக்கு முன்னால் அக்கா குந்தவை வருவதை ரசிக்கலாம். அதைவிட முக்கியமானது, அரசன் தன்னையும் அதே பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டது. அரசிகளின் கொடை, அதிகாரிகளின் கொடை, படைப்பிரிவுகளின் கொடை எல்லாம் ஒரே கோயிலின் கல்லில், எடையோடும் எண்ணிக்கையோடும் வருகின்றன.

எடையில் ஏமாற்றக் கூடாது என்பதற்காகக் கோயிலுக்கென்று தனி எடைக்கல். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்று ஒரு கல். நவரத்தினங்களுக்கு தட்சிணமேரு விடங்கன் என்று இன்னொரு கல். நகையின் எடையில் அரக்கும் சரடும் சேர்ந்திருக்கிறதா என்றுகூடக் குறிப்பு உண்டு. நகைக்கடையில் கல் வெயிட், வேஸ்டேஜ்னு நாம வாதாடுறது ஆயிரம் வருஷத்துப் பழசு! முத்துகளில் உருண்டையானது எத்தனை, அத்தனை உருண்டை இல்லாதது எத்தனை, கரடுமுரடானது எத்தனை. வைரங்களில் புள்ளியும் கீறலும் உள்ளவை எவை. கடவுளுக்குக் கொடுத்த பரிசில் இருந்த குறையையும் கொடுத்தவரே கல்லில் ஒப்புக்கொண்டிருக்கிறார். செப்புத் திருமேனிகளுக்கு முழம், விரல் கணக்கில் உயரம், எத்தனை கை, பீடம் எப்படி, உள்ளே கெட்டியா, பொள்ளலா என்பதுவரை வர்ணனை.

இவ்வளவு விவரம் எதுக்கு? 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரம் வெடித்தது. வங்கியில் இருப்பதாகக் கணக்கில் காட்டியிருந்த பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். புத்தகத்தில் எண் இருந்தது. பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தவர்தான் இல்லை. பெரிய கோயில் சுவரில் இருக்கும் வர்ணனை, திறந்து எண்ணிப் பார்ப்பவருக்காக எழுதப்பட்டது. எடைக்கல்லை எடுத்துக்கொண்டு போய் நின்றால் பொய் நிற்காது.

சாகாத ஆடுகளும் எட்டுக்கு ஒன்று வட்டியும்

ஒரு விளக்கு தினமும் எரிய ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகளை இடையர் ஒருவர் பொறுப்பில் ஒப்படைப்பார்கள். அவர் பெயரும் ஊரும் கல்லில் ஏறும். அந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் சாவாத, மூப்படையாத ஆடுகள் என்றே குறிப்பிடும். ஆடு சாகாமல் இருக்குமா? செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையைச் சரிகட்டணும் என்று அர்த்தம். மந்தை முதல், நெய் வருமானம். முதலில் கைவைக்காமல் வருமானத்தில் தர்மம் நடக்கணும். இன்றைய அறக்கட்டளை நிதிக்கும் அதே கணக்குதான்.

காசு விஷயமும் அப்படியே. கோயிலுக்கு வந்த பணத்தைப் பூட்டி வைக்கவில்லை. சோழ நாட்டு ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்தார்கள். எட்டுக் காசுக்கு வருஷம் ஒரு காசு வட்டி, அதாவது 12.5 சதவிகிதம். நெல்லாகக் கட்டுவதென்றால் காசுக்கு மூன்று குறுணி. எந்த ஊர் எவ்வளவு வாங்கியது, அந்த வட்டி கோயிலில் எந்தச் செலவுக்கு என்று சுவரில் இருக்கிறது. வாய்க்கால் வெட்டவும் தரிசைத் திருத்தவும் ஊருக்குப் பணம் கிடைத்திருக்கும் என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. ஆனால், இந்தக் கடனுக்கு முடிவு தேதி கிடையாது. சூரியனும் சந்திரனும் இருக்கிற வரை வட்டி. அரசன் கோயிலின் பெயரால் கடன் வரும்போது ஒரு சின்ன ஊர்ச் சபை வேண்டாம் என்று சொல்லியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

ஊழியர் பட்டியல் இன்னும் விரிவு. ஆடல் மகளிர் 400 பேர். சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்கு மாற்றப்பட்டவர்கள். ஒவ்வொருவரின் பெயர், முன்பு இருந்த கோயில், இப்போது குடியிருக்கும் தளிச்சேரித் தெரு, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு... எல்லாம் உண்டு. ஒவ்வொருவருக்கும் வருஷம் 100 கலம் நெல். அவர்களோடு நட்டுவர், பாடகர், கணக்கர், தச்சர், தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர். கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனும் இந்தப் பட்டியலில் ஒருவர்.

ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ என்ன செய்வது என்றும் விதி இருக்கிறது. நெருங்கிய உறவினர் வேலைக்கு வரலாம். அவருக்கு அந்தத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரைப் பிடித்து வேலையைச் செய்ய வைக்கணும். வாரிசு என்பதற்காக வேலை தெரியாதவரை உட்கார வைக்க முடியாது. ஆனால் அரியணைக்கு இந்த விதி பொருந்தவில்லை என்பதையும் சொல்லிவிடலாம். அந்த 400 பெண்களிடம் தஞ்சைக்கு வரச் சம்மதமா என்று யாராவது கேட்டார்களா? அது எங்கேயும் எழுதப்படவில்லை.

சுவரில் இல்லாதவை

எழுதப்படாதவை இன்னும் உண்டு. இவ்வளவு கணக்கு பார்த்த ராஜராஜன், இந்த விமானத்தைக் கட்ட எவ்வளவு செலவானது என்று எழுதவில்லை. எத்தனை பேர் கல் சுமந்தார்கள், கூலி என்ன, எத்தனை பேர் விழுந்து செத்தார்கள், எதுவும் இல்லை. கோயிலுக்கு வந்தது பளிச்சென்று தெரிகிறது. கோயில் வந்த விதம் தெரியவில்லை. ஆண்டறிக்கை படிக்கிறவர்கள் இருப்பதைப் படித்துவிட்டு, எது இல்லை என்றும் தேடுவார்கள் அல்லவா... அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தச் சுவரில் பெரிய ஓட்டை இருக்கிறது.

கொடுத்த பொன் எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் ஒளிவுமறைவு இல்லை. சேரனையும் பாண்டியரையும் வென்று எடுத்து வந்த செல்வத்திலிருந்து கொடுத்தது என்று வெளிப்படையாகவே இருக்கிறது. கொள்ளை என்று நாம் சொல்வோம். அவருக்கு அது பெருமை. தன் வெற்றிகளை ஒரே வாசகமாகக் கோத்து, ஒவ்வொரு கல்வெட்டின் தொடக்கத்திலும் வைக்கும் மெய்க்கீர்த்தி வழக்கத்தை ஏற்படுத்தியவரும் ராஜராஜன்தான். ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் சேர்மன் படத்தோடு வருமே ஒரு செய்தி, கிட்டத்தட்ட அது! இன்னொன்று: கோயிலுக்குப் பெயரே ராஜராஜீச்சரம். பெரிய கொடையாளர்கள் அரச குடும்பம். நிர்வாகியும் அரசனின் அதிகாரி. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் வெளியாள் ஒருவர்கூட இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து லெய்டனுக்கு

அவருடைய ஆபீஸ் எப்படி வேலை செய்தது என்று பார்க்க நாகப்பட்டினம் போகணும். கடல் கடந்து ஸ்ரீவிஜய நாட்டை ஆண்ட சூளாமணிவர்மன் அங்கே ஒரு பௌத்த விகாரை எழுப்பினார். சிவபக்தரான ராஜராஜன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் ஊரின் வருமானத்தை அதற்கு எழுதிக் கொடுத்தார். 97 வேலிக்கும் மேல் நிலம், வருஷம் 8,943 கலத்துக்கும் மேல் நெல். அரசன் வாயால் சொன்னதும் ஊர் கைமாறிவிடவில்லை. ஓலை எழுதுபவர் எழுதணும். மேலதிகாரிகள் சரிபார்த்து ஒப்பமிடணும். வரிப் புத்தகத்தில் பதிவாகணும். பிறகு ஊராரும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் கூட நிற்க, பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறிக்கணும். இத்தனை கையெழுத்துக்கு நடுவில் ஒருத்தர் தனியாக நெல்லை ஒதுக்குவது கஷ்டம்.

செப்பேடு பொறிப்பதற்குள் ராஜராஜன் இறந்துவிட்டார். அப்பா சொன்ன சொல்லை மகன் ராஜேந்திரன் செப்பில் ஏற்றினார். அதே ராஜேந்திரன் பிறகு, 1025-வாக்கில், அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படை அனுப்பியது தனிக்கதை!

அந்தச் செப்பேடுகள் கடைசியில் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால், லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1658-ல் நாகப்பட்டினத்தைப் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1602-ல் பொதுமக்களிடம் பங்கு விற்றுத் தொடங்கியது. பங்கு வாங்கியவர்கள் 1622-ல் கொதித்தெழுந்தார்கள். காரணம், கம்பெனி அவர்களுக்கு ஒழுங்காகக் கணக்கு காட்டவில்லை.

படிக்க ஆளில்லாத கணக்கு

1014-ல் ராஜராஜன் மறைந்தார். ராஜேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினார். தஞ்சை பாண்டியர், நாயக்கர், மராட்டியர் என்று கைமாறியது. எழுத்தின் வடிவமும் மாறியது. சுவரில் அத்தனை பெயர், அத்தனை தேதி இருந்தும், கோயிலைக் கட்டியது வேறொரு சோழன் என்று தலபுராணம் சொன்னதைத்தான் மக்கள் நம்பினார்கள். கட்டியவர் பெயர் கண்ணெதிரே இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. 1880-களில் ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷும் அவருடன் பணியாற்றிய வெங்கையாவும் படியெடுத்துப் படித்த பிறகுதான் ராஜராஜன் தன் கோயிலுக்குத் திரும்பி வந்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி வரிசையில் இரண்டாம் தொகுதியின் பெரும்பகுதி இந்தக் கோயில்தான்.

பட்டியலில் இருக்கும் செப்புத் திருமேனிகளில் இன்று கோயிலில் மிச்சம் இருப்பது மிகச் சில. கோயில் நிர்வாகியாக இருந்த ஆதித்தன் சூரியன் என்ற தென்னவன் மூவேந்த வேளான், ராஜராஜனுக்கும் பட்டத்தரசி லோகமாதேவிக்கும் செப்புச் சிலை செய்து வைத்தார் என்று அளவுகளோடு கல்வெட்டு இருக்கிறது. அந்தச் சிலைகள் எப்போது, எப்படி வெளியே போயின என்று சுவர் சொல்லாது. 2018-ல் தமிழகக் காவல்துறை அகமதாபாத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு சிலைகளைத் தஞ்சைக்குக் கொண்டுவந்தது. மேளதாளத்தோடு வரவேற்பு. ஆதாரமாக வைக்கப்பட்டதில் அந்த நிர்வாகி வெட்டி வைத்த வரிகளும் உண்டு. அவை அதே சிலைகள்தானா என்று ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. வாதம் செய்கிற இரண்டு தரப்பும் ஆதாரத்துக்குத் திரும்பப் போவது அதே கல்வெட்டில் இருக்கிற முழம், விரல் கணக்குக்குத்தான்.